இரண்டாவது பதில்தான் முக்கியம்
ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மழை விட்ட காலை. ஆம்பூர்ப் பக்கத்து ஊர்க் குரூப் ஒன்றில் 6:10-க்கு ஒரு படம் வந்து விழுகிறது. பாலாற்றில் வெள்ளை வெளேரென்று நுரை. படத்துக்குக் கீழே ஒரு வார்த்தைகூட இல்லை.

6:14. "வழக்கம்போல ஆரம்பிச்சிட்டானுங்க."

6:20. "எந்தக் கம்பெனின்னு எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்ல."

6:31. "உன் மச்சான் அங்கதானே சூப்பர்வைசர்? அவனையே கேளு."

ஏழு மணிக்குள் பேச்சு அந்த மச்சானின் வீட்டுப் பெண்கள் வரை போய்விட்டது. எட்டு மணிக்கு நான்கு பேர் குரூப்பை விட்டு வெளியேறினார்கள். பத்து மணிக்கு யாரோ ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் சொன்னார்கள். அதற்குள் ஆற்றில் நுரையும் கரைந்துவிட்டது. அந்தப் படம் எந்த இடத்தில் எடுத்தது என்று கடைசி வரை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வருட மழையில் அதே குரூப்பில் அதே மாதிரி ஒரு படம். இந்த முறை இரண்டாவதாகப் பேசியவர் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை.

"பாய், இது எந்தப் பாலத்துக்கிட்ட எடுத்தீங்க? எத்தனை மணிக்கு?"

"மாராப்பட்டுப் பாலம், டீச்சர். அஞ்சே முக்கால் இருக்கும்."

மூன்றாவதாக வந்தவர் பால்காரர். "நான் அஞ்சு மணிக்கு அந்த வழியாத்தான் வந்தேன். அப்ப நுரை இல்ல. வாடை மட்டும் இருந்துச்சு."

நான்காவது ஆள் வேறு கோணத்தில் இரண்டு படம் போட்டார். ஐந்தாவது ஆள் தண்ணீர் பாட்டிலில் ஆற்று நீர் பிடித்து வைத்தார். மதியத்துக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு நேரம், இடம், படங்களோடு ஒரு மனு போனது. அதற்குக் கிடைத்த ஒப்புகை எண்ணை டீச்சர் குரூப்பில் போட்டார். அன்றைக்கே ஆறு சுத்தமாகிவிடவில்லை. ஆனால் போன வருடம் கையில் எதுவும் இல்லாத ஊரிடம் இந்த வருடம் ஓர் எண் இருந்தது.

இரண்டு பேச்சும் ஒரே மாதிரிப் படத்தில்தான் தொடங்கின. ஊரும் ஒன்று, ஆட்களும் ஏறக்குறைய ஒன்று. மாறியது இரண்டாவது பதில் மட்டும்தான். பல வருடமாக இந்த ஊர்க் குரூப்புகளில் இருந்து நான் கற்றது இதைத்தான்: பேச்சைத் தொடங்குபவர் அதற்கு விதை போடுகிறார். அது எந்தப் பக்கம் சாயும் என்பதை அடுத்து வரும் இரண்டு மூன்று பேர் தீர்மானித்துவிடுகிறார்கள்.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 'சைன்ஸ்' இதழில் 2013-ல் வந்த ஆய்வு ஒன்றில், ஒரு செய்தித் தளத்தின் கருத்துகளில் சிலவற்றை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் எடுத்து, வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் தாங்களே அவற்றுக்கு ஒரு லைக் போட்டார்கள். அதைப் பார்த்த அடுத்த வாசகர் தானும் லைக் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசிக் கணக்கில் அந்தக் கருத்துகளின் மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்திருந்தது. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். மனநிலை கெட்டிருக்கும்போது, முதலில் கண்ணில் படும் கருத்துகளும் வசையாக இருந்தால், சாதாரண மனிதர்களே ஏறக்குறைய இரண்டு மடங்கு வம்புக்குப் போகிறார்கள். வம்பு பேசுவதற்கென்று தனி ஜாதி மனிதர்கள் இல்லை. தொடக்கம் கெட்டால் நாமும் அப்படித்தான் பேசுவோம்.

தோல் தொழில் தெரிந்த நம் ஊருக்கு இது புதிதில்லை. உரித்த தோலுக்குச் சில மணி நேரத்துக்குள் உப்புப் போட்டாக வேண்டும். விட்டால் அழுக ஆரம்பித்துவிடும். அதன்பின் எந்த டிரம்மில் எந்த மருந்தைப் போட்டு உருட்டினாலும் அது நல்ல தோலாகாது. குரூப்பில் வந்து விழும் செய்தியும் பச்சைத்தோல்தான். எங்கே, எப்போது, யார் பார்த்தது என்பது அதற்கான உப்பு. அந்த உப்பை நேரத்துக்குப் போடுவதற்கும், போட்ட பிறகு பேச்சைப் பதமாக வளர்ப்பதற்கும் கீழே உள்ள குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

1. படத்தோடு இடம், நேரம், பார்த்தவர் மூன்றையும் எழுதுங்கள்

"மாராப்பட்டுப் பாலம், காலை 5:45, நானே எடுத்தது." இவ்வளவு போதும். ஒரு படம் இந்த மூன்று விவரத்தோடு வந்தால் அது சாட்சி. இல்லாமல் வந்தால் வெறும் கோபத்துக்குத் தீனி.

மாவட்டத்தையும் சரியாக எழுதுங்கள். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, மேல்விஷாரம், வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டம். குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரிலேயே இருக்கின்றன. பழைய பழக்கத்தில் ஆம்பூர் விஷயத்தை "வேலூர் மாவட்டம்" என்று எழுதி, அதை வைத்து வேலூர் கலெக்டருக்கு மனு போட்டு, அது சுற்றி வருவதற்குள் பல வாரம் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தைப் பிழை ஒரு மாதத்தைத் தின்றுவிடுகிறது.

2. இரண்டாவதாகப் பேச நேர்ந்தால் கேள்வி கேளுங்கள்

கருத்துச் சொல்வதற்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது. முதல் பத்து நிமிடம் கேள்விக்கு உரியது. "எந்த இடம்ணே?", "நீங்க நேர்ல பாத்தீங்களா?", "இது இன்னிக்கு எடுத்ததா?" இந்த மூன்றும் எல்லாச் செய்திக்கும் பொருந்தும். மரியாதையாகக் கேளுங்கள். போலீஸ் விசாரணை போலக் கேட்டால் போட்டவர் தன்னைச் சந்தேகப்படுவதாக நினைத்து முரண்டு பிடிப்பார். பாய், அண்ணே, அக்கா, சார் என்று எப்படி நேரில் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த ஒரு சொல் பாதி சண்டையைத் தடுத்துவிடும்.

3. எதற்குப் பதில் என்று தெரியும்படி பேசுங்கள்

ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இன்று 1,024 பேர் வரை இருக்கலாம். ஒரே நேரத்தில் ரேஷன் கடைப் பேச்சு, குடிநீர்ப் பேச்சு, கல்யாணப் பத்திரிகை மூன்றும் ஓடும். பதில் சொல்ல வேண்டிய பதிவை விரலால் வலப்பக்கம் இழுத்தால் அதற்குக் கீழேயே பேசலாம். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குரூப்பில் நடந்தது ஒன்று. கிரிக்கெட் பதிவுக்கு ஒருவர் "சூப்பர்" என்று போட்டார். அவர் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் இடையில் ஒரு மரணச் செய்தி வந்துவிட்டது. அந்தச் "சூப்பர்" அதற்கு நேர் கீழே போய் விழுந்தது. இறந்தவரின் மகன் அதைப் பார்த்தார். பின்னால் எத்தனை விளக்கம் சொல்லியும் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் பழைய முகம் திரும்பி வரவில்லை.

4. கொதிப்பைச் சொல்வதோடு நிற்காமல் எண்ணிச் சொல்லுங்கள்

தோல் கழிவு வழக்கின் தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வழக்கு அது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கிணறு கிணறாகப் போய் 467 கிணறுகளைப் பார்த்து, 350 கெட்டுவிட்டன என்று எழுதி வைத்திருந்தது. வேலூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம், தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதைக் கண்டிருந்தது. தீர்ப்பில் இடம் பிடித்தவை இந்தக் கணக்குகள். "தண்ணி எல்லாம் போச்சு" என்ற புலம்பல் அதே ஆண்டுகளில் எல்லாத் திண்ணையிலும் இருந்தது. அது உண்மையும்கூட. ஆனால் எண்ணி எழுதியதுதான் நீதிமன்றம் வரை நடந்து போனது.

உங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் "எத்தனை வீடு, எத்தனை நாள்" என்று எழுதுங்கள். அடுத்தவரும் தன் வீட்டை அந்தக் கணக்கில் சேர்ப்பார். பேச்சு தானாகவே பட்டியலாக வளரும்.

5. கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள்

பதில் கிடைக்காத கேள்வி செத்துவிடாது. வேறு இடத்தில் போய் வளரும். வேலூர்க் கோட்டைக்கு இது நன்றாகத் தெரியும். 1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புதிய உடை விதி வந்தது. நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, தலையில் தோல் குச்சம் வைத்த புதிய தலைப்பாகை. அது எந்த மிருகத்தின் தோல் என்ற பேச்சு எழுந்தது. 1806 மே மாதம் தலைப்பாகையை மறுத்தவர்களுக்குக் கிடைத்த பதில் கசையடி. ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், உள்ளே ஏதோ திரள்கிறது என்று அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவரைப் பைத்தியம் என்று சொல்லி அடைத்து வைத்தார்கள். ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன.

அந்தச் சிப்பாய்ப் புரட்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் கேள்விக்கு அடியும், எச்சரித்தவருக்குச் சிறையும் கொடுத்தால் பேச்சு எங்கே போய் வளரும் என்பதை அந்தக் கோட்டை காட்டிவிட்டது. குரூப்பில் ஒருவர் "குளோரின் வாடை வருதே, ஏன்?" என்று கேட்டால் யாராவது ஒருவர் "நகராட்சியில விசாரிச்சுச் சொல்றேன்" என்றாவது எழுதுங்கள். விசாரித்த பிறகு மறக்காமல் வந்து சொல்லுங்கள்.

6. வாய்ஸ் நோட்டை எழுத்தில் சுருக்கிப் போடுங்கள்

நான்கு நிமிட வாய்ஸ் நோட்டை எல்லோரும் கேட்பதில்லை. பாதி கேட்டவர் ஒரு அர்த்தத்தையும் முழுதும் கேட்டவர் வேறு அர்த்தத்தையும் வைத்துக்கொண்டு மோதுவார்கள். கேட்டவர்களில் ஒருவர் மூன்று வரியில் எழுதிவிட்டால் பேச்சு ஒரே தளத்தில் நிற்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் குரூப்புகளில் உருது வாய்ஸ் நோட் வரும். குடியாத்தம் பக்கம் தெலுங்கும் வரும். இரண்டு மொழியும் தெரிந்தவர் ஒரு வரித் தமிழில் சாரத்தைப் போடுங்கள். தமிழில் நடந்த பேச்சை உருதுவில் சொல்லி ஒரு வாய்ஸ் நோட்டும் அனுப்புங்கள். புரியாத மொழியில் பேச்சு நடந்தால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று மனம் நினைக்கும். அந்த நினைப்புக்கு இடம் கொடுக்காதிருப்பது ஊருக்குச் செய்யும் பெரிய உதவி.

7. தாமதமாக வருபவருக்கு இடம் விடுங்கள்

ஷூ கம்பெனிகளில் தைக்கும் வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பல இடங்களில் வேலை நேரத்தில் போன் கையில் இருக்காது. காலையில் தொடங்கிய பேச்சை அவர்கள் பார்ப்பது பஸ்ஸில் வீடு திரும்பும்போதோ, சமையல் முடித்து உட்காரும்போதோதான். அதற்குள் நீங்கள் "முடிவு பண்ணியாச்சு" என்று போட்டுவிட்டால் தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பவரின் குரல் இல்லாமலேயே தண்ணீர் விடும் நேரத்தை முடிவு செய்ததாகிவிடும். அவசரம் இல்லாத எந்த விஷயத்தையும் இரவு ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள். பேசாதவர்கள் சம்மதித்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளாமல், "இன்னும் யாராவது சொல்லணுமா?" என்று ஒரு முறை கேளுங்கள். நேரம் முடிவு செய்ய வாட்ஸ்அப்பின் 'போல்' (வாக்கெடுப்பு) வசதியைப் பயன்படுத்துங்கள். கூட்டத்தில் பேசக் கூச்சப்படுபவர்களும் அதில் விரலால் தொட்டுச் சொல்லிவிடுவார்கள்.

8. தவறு தெரிந்தால் போட்ட இடத்திலேயே திருத்துங்கள்

அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். எல்லோருக்கும் நீக்குவதற்கு இரண்டு நாளுக்கு மேலேயே அவகாசம் இருக்கிறது. ஆனால் நீக்குவதோடு வேலை முடியாது. அதற்குள் உங்கள் செய்தி நான்கு குரூப்புக்குப் போயிருக்கும். எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை ஓடிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை எடுத்துப் பார்த்தது. 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்தது. எனவே திருத்தத்தைத் தனியாக, தெளிவாக, காரணத்தோடு போடுங்கள்: "காலையில் நான் போட்ட படம் பழையது. மன்னிக்கவும். யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அனுப்புங்கள்." இப்படி எழுதியவரை ஊர் மதிக்கிறது. அடுத்த முறை அவர் சொல்வதை நம்புகிறது.

9. பேச்சை முடித்து, எழுதி, மேலே குத்தி வையுங்கள்

நல்ல பேச்சுகள் பெரும்பாலும் சண்டையால் சாவதில்லை. யாரும் தொகுத்து வைக்காததால் சாகின்றன. நூறு பதிவு ஓடிய பின் யாராவது ஒருவர் நான்கு வரி எழுத வேண்டும்: என்ன நடந்தது, யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள், மனு எண் என்ன, அடுத்து எப்போது பார்ப்பது. அதை 'பின்' செய்யுங்கள். ஒரு நாள், ஏழு நாள், முப்பது நாள் வரை மேலே நிற்கும்.

மேலே சொன்ன தோல் கழிவு வழக்கு எத்தனை காலம் ஓடியது என்று பாருங்கள். 1991-ல் மனு. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வின் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. அதன் வழியாக அமைந்த ஆணையம் 2001-ல் 547 தோல் பதனிடும் ஆலைகள் கொடுக்க வேண்டிய இழப்பீட்டைக் கணக்கிட்டது. 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய். அப்போதும் முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கச் சொல்லி, பாலாற்றை மீட்கக் குழு அமைத்து, தொடர்ந்து கண்காணிப்போம் என்றது. முப்பத்து நான்கு ஆண்டுகள். நடுவில் ஆட்கள் மாறினார்கள், அதிகாரிகள் மாறினார்கள், மாவட்டமே மூன்றாகிவிட்டது. எழுதிய தாள் இருந்ததால் பேச்சு விட்ட இடத்தில் தொடங்க முடிந்தது.

செய்யக்கூடாதவை

1. பயத்தை ஃபார்வர்டு செய்யாதீர்கள்

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். 2018 கோடையில் வடமாநிலத்தவர் குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்று வீடியோவும் வாய்ஸ் நோட்டும் நம் பக்கம் சுற்றின. ஏப்ரல் கடைசியில் குடியாத்தம் அருகே பரசுராமன்பட்டியில் இந்தி பேசிய ஓர் ஆளை அடித்தே கொன்றார்கள். மே 9-ல் போளூர் அருகே அத்திமூரில், சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அந்தக் குடும்பத்தின் 65 வயது அம்மா, அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவரும் உயிரோடு திரும்பவில்லை.

அந்தச் செய்திகளை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. "குழந்தைங்க இருக்கிற வீடு, தெரிஞ்சிருக்கட்டும்" என்று நினைத்த அம்மாக்களும் அப்பாக்களும்தான். அந்த அக்கறைதான் செய்தியை ஊர் ஊராகத் தூக்கிச் சென்றது. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் 'ஃபார்வர்டு' என்ற அடையாளத்தைக் கொண்டு வந்தது. இந்தியாவில் ஒரு முறைக்கு ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. இரட்டை அம்புக்குறி போட்ட செய்தி பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அதைப் பார்த்தால் உங்கள் கையோடு நிறுத்துங்கள். குழந்தை பற்றிய சந்தேகம் என்றால் 1098, ஆபத்து என்றால் 112. குரூப்புக்கு முன்னால் அங்கே பேசுங்கள்.

2. ஆளை விட்டு அவர் சாதி, மதம், மாநிலத்தைப் பேசாதீர்கள்

பேச்சு முறியும் இடம் எப்போதும் இதுதான். "இவர் செய்தது தவறு" என்று தொடங்கி "இவங்களே இப்படித்தான்" என்று போகும் அந்த ஒரு வரி. பிறகு அதைக் குரூப்புக்குள் கட்டி வைக்க முடியாது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று எங்கோ, எப்போதோ எடுத்த வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று தமிழகக் காவல்துறை சொல்லியும் பயம் அடங்கவில்லை. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. 2018-ல் அவர்களைப் பற்றி நாம் பயந்தோம். 2023-ல் நம்மைப் பற்றி அவர்கள் பயந்தார்கள். இரண்டு பயத்துக்கும் ஊற்று ஒன்றுதான்.

3. பழைய படத்தைப் புதிது போலப் போடாதீர்கள்

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு வந்ததை நம்மில் பலர் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்தோம். பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் போனார்கள். அந்த வெள்ளத்தின் வீடியோக்கள் எங்கள் குரூப்புகளில் இன்றும் ஒவ்வொரு மழைக்கும் திரும்பி வருகின்றன. ஆற்றங்கரையில் குடியிருப்பவர் அதைப் பார்த்துக் கைக்குழந்தையோடு ராத்திரியில் வெளியே ஓடுகிறார். மூன்று முறை ஏமாந்தவர், நான்காவது முறை உண்மையான எச்சரிக்கை வரும்போது படுத்தே இருப்பார். வெள்ளச் செய்தி என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ல் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

4. சந்தேகத்தின் பேரில் தொழிற்சாலைப் பெயரைப் போடாதீர்கள்

நுரையைப் பார்த்ததும் ஒரு பெயர் வாயில் வரும். வந்தாலும் நிறுத்துங்கள். ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பல ஆலைகளின் கழிவு நீர் போகிறது. வீட்டுச் சாக்கடையில் வரும் சோப்புத் தண்ணீரும் ஆற்றில் நுரைக்கும். எது எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்கு மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். தவறான பெயரைப் போட்டால் குற்றமில்லாத ஓர் ஆலையின் தொழிலாளர்கள் தலைகுனிவார்கள், குற்றம் செய்தவர் அந்த நிழலில் தப்பிப்பார். அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும், ஆறு அப்படியே இருக்கும். மனுவில் இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். யார் என்று கண்டுபிடிக்கும் கடமை வாரியத்துக்கு உண்டு. அதைச் செய்தார்களா என்று விடாமல் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முதலமைச்சரின் உதவி எண் 1100-லும் பதிவு செய்யலாம்.

5. இரண்டு பேர் சண்டையை எண்ணூறு பேர் முன்னால் நடத்தாதீர்கள்

அதே இரண்டு பெயர்கள் ஐந்தாறு முறை மாறி மாறி வந்தால் அது பொதுப்பேச்சாக இருப்பது நின்றுவிட்டது. கூட்டம் பார்க்கும்போது யாராலும் இறங்கி வர முடியாது. "அண்ணே, சாயங்காலம் டீக்கடையில பேசிக்கலாமா?" என்று ஒருவர் எழுதினால் போதும். நேரில் அதே ஆள் எவ்வளவு தணிவாகப் பேசுகிறார் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

6. குரூப்பில் பேசியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்பாதீர்கள்

பெயரும் எண்ணும் தெரியும்படி ஒரு பெண்ணின் பதிவை வேறு குரூப்புக்கு அனுப்பினால் இரவில் தெரியாத எண்களிலிருந்து அவருக்கு அழைப்பு வரும். அவர் அதன்பின் பேச மாட்டார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பெண்கள் பேச மாட்டார்கள். பிறகு குரூப்பில் ஆண்களின் பேச்சு மட்டும் மிஞ்சும்.

7. பிடிக்காத கேள்வி கேட்டவரை நீக்காதீர்கள்

இது அட்மின்களுக்கு. வசை பாடியவரை எச்சரித்து நீக்குவது உங்கள் கடமை. சங்கடமான கேள்வி கேட்டவரை நீக்குவது கோட்டையில் முஸ்தபா பேக்குக்கு நடந்தது போலத்தான். குரூப்பில் மற்றவர் போட்ட பதிவுக்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே பயந்துபோய் எல்லோர் வாயையும் பூட்ட வேண்டியதில்லை. "அட்மின் மட்டும் பேசலாம்" என்ற பூட்டைக் கலவர நேரத்தில் சில மணி நேரம் போடுங்கள், எப்போது திறப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். விதிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே அனுப்புங்கள்.

இவ்வளவையும் யாராலும் மனப்பாடம் செய்துகொண்டு குரூப்பில் பேச முடியாது. வேண்டியதும் இல்லை. மற்ற எல்லாம் மறந்தாலும் முதல் கேள்விகளை மறக்காதீர்கள்: எந்த இடம், எத்தனை மணிக்கு, நீங்கள் பார்த்ததா.

போன மழைக்கு அதே குரூப்பில் மறுபடியும் ஒரு நுரைப் படம் வந்தது. டீச்சர் கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். போன் அவர் கையில் இல்லை. என்ன ஆகப்போகிறதோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் கழித்து இரண்டாவது பதில் வந்தது. பால்காரர் எழுதியிருந்தார்.

"தம்பி, இது எந்தப் பாலத்துக்கிட்ட? எத்தனை மணிக்கு எடுத்தது?"